ஜும்ஆ நேரத்தில் ஒரு கடைவாய்ப்பல்

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் எங்கள் வீதியில் கடல் கேட்கத் தொடங்கும். மற்ற நாட்களிலும் கடல் அதே இடத்தில்தான் கிடக்கிறது. ஆனால் சைக்கிள் மணிகளும், தையற்கடை மெஷின்களும், அரிசி ஆலையின் பெல்ட்டும் சேர்ந்து அதை மூடிவிடும். ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலுக்குள் போன பிறகுதான் அலை எழுந்து விழுவது காதுக்கு எட்டும்.

அன்று நான் டொக்டர் காசிமின் பல் டிஸ்பென்சரியின் பின்கதவைப் பாதி திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கருவிகள் கொதிக்கும் பாத்திரம் மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. வெளியே குறுகிய ஒழுங்கையில் மணல் வெள்ளையாகச் சுட்டது. இரண்டு பக்கமும் கிடுகு வேலி. வேலிக்கு மேலே முருங்கை.

ஒழுங்கை முடக்கில் முதலில் ஒரு கறுப்புக் குடை தெரிந்தது. குடையின் கீழே எங்கள் டிஸ்பென்சரியில் வேலை செய்யும் புஷ்பம் அக்கா. ஒவ்வொரு வளவின் வாசல் கடப்படியிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்து, பிறகு பின்னால் கையைக் காட்டினார். அவருக்குப் பின்னால் ஒரு வயதான உம்மாவும், தலையிலிருந்து கால்வரை வெள்ளைத் துணியால் மூடிய இன்னொருவரும் வந்தார்கள்.

"வாங்க, வாங்க, ஒரு காகமும் இல்ல," என்றார் புஷ்பம் அக்கா.

அவர் சொல்லி வாய் மூடவில்லை, முருங்கையில் இருந்து ஒரு காகம் கரைந்தது. வெள்ளைத் துணிக்குள் ஒரு சிரிப்பு கிளம்பி, வலியில் பாதியில் நின்றது.

அவர்கள் உள்ளே வந்ததும் நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

வெள்ளைத் துணிக்குள் இருந்தவர் ஹாஜரா தாத்தா. எங்கள் பக்கத்தில் தாத்தா என்றால் மூத்த சகோதரி. வெளியூர் வாசகர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன். இந்தத் தொடரின் முந்திய பகுதியைப் படித்த ஒருவர், 'உங்களுக்கு எத்தனை தாத்தாமார்? எல்லோருக்கும் இவ்வளவு இளம் வயதா?' என்று கேட்டிருந்தார்.

ஹாஜரா தாத்தாவுக்கு அப்போது முப்பத்தைந்து வயதிருக்கும். நெல் வியாபாரம் செய்த அவருடைய கணவர் இரண்டு மாதங்களுக்கு முன் மௌத்தாகியிருந்தார். தாத்தா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் ஒதுங்கியிருக்க வேண்டும். அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. அப்படியிருந்தவரைத்தான் பட்டப்பகலில் ஒழுங்கையால் நடத்திக் கூட்டி வந்திருந்தோம்.

இதை ஏற்பாடு செய்தவள் நான். ஏற்பாடு செய்யும்படி எனக்கு யாரும் சொல்லவில்லை.

முடிச்சிட்டுச் சொல்லுங்க

கொழும்புக்குப் பக்கத்தில் பல் தாதிப் பயிற்சியை முடித்துவிட்டு, அரசாங்க நியமனம் வரும்வரை நான் டொக்டர் காசிமிடம் வேலை செய்தேன். நியமனம் வரச் சுணங்கியது. நானும் அவசரப்படவில்லை.

டொக்டர் சாய்ந்தமருதுக்காரர். உயரமானவர், குறைவாகப் பேசுபவர். ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுக் கல்முனையில் சொந்தமாக டிஸ்பென்சரி திறந்திருந்தார். ஒரு வேலையைத் தந்தால் எப்படிச் செய்வதென்று சொல்லமாட்டார். "முடிச்சிட்டுச் சொல்லுங்க," என்பார். அதோடு சரி.

எனக்கு முன்னால் இருந்த பெண் எல்லாவற்றுக்கும் அவரிடம் போய் நிற்பாராம். குழாய் ஒழுகுகிறது, மூடவா? பிள்ளை அழுகிறது, தூக்கவா? டொக்டர் ஒருநாள் நோயாளியின் வாய்க்குள் இருந்து கண்ணை எடுக்காமலே, "தங்கச்சி, மூச்சு விடுறதுக்கு மட்டும் என்னக் கேட்காதீங்க," என்றாராம். புஷ்பம் அக்கா இதை வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவரைக் கேட்காமல் செய்யக்கூடாதவை என்று மூன்று இருந்தன. ஊசி போடுவது. பல் கழற்றுவது. நோயாளிக்கு நேரம் கொடுப்பது.

முதல் இரண்டும் எனக்கு உடனே விளங்கின. மூன்றாவதைச் சின்ன விஷயமென்று நினைத்தேன். நேரம் கொடுப்பதில் யாருக்கு வலிக்கப்போகிறது?

பல் அச்சுகள் ஊர்வாரியாக

புஷ்பம் அக்கா பாண்டிருப்பிலிருந்து வருவார். அப்போது பாண்டிருப்பிலிருந்து வந்துபோவது வெறும் சைக்கிள் ஓட்டம்தான். காலையில் வந்ததும் நெற்றித் திருநீற்றின் மேல் வியர்வையைத் துடைக்காமல் முதலில் அடுப்பைப் பற்றவைத்துக் கருவிகளைக் கொதிக்க வைப்பார். அவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பொய்ப்பல் கட்டுபவர்களின் வாய் அச்சுகளை நாங்கள் பிளாஸ்டரில் வார்த்து அலுமாரியில் வைத்திருப்போம். பெயர் எழுதித்தான் வைப்போம். ஆனால் எங்கள் பக்கத்தில் பெயர் எழுதிப் பிரயோசனம் குறைவு. ஆதம்பாவா என்றால் ஏழெட்டுப் பேர், இஸ்மாயில் என்றால் ஒரு தட்டு நிறைய. அலுமாரியைத் துப்புரவாக்கும்படி டொக்டர் ஒருநாள் புஷ்பம் அக்காவிடம் சொன்னார். மாலையில் பார்த்தால் அச்சுகள் எல்லாம் ஊர்வாரியாக, தொழில்வாரியாக இடம் மாறியிருந்தன. ஒலுவில் மீன்காரர் மேல்தட்டு. அக்கரைப்பற்று வாத்திமார் அடுத்த தட்டு. நிந்தவூர் வயற்காரர் கீழே.

டொக்டர் அலுமாரியின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு, "மருதமுனை நெசவு எங்க?" என்று கேட்டார்.

"கதவுக்குப் பின்னால, டொக்டர். ஈரம் படாது."

அந்த முறை நன்றாக நடந்தது, ஒலுவில் மீன்காரர் ஒருவர் கல்முனையில் பலசரக்குக் கடை போடும்வரை. அவருடைய அச்சை நாங்கள் ஒரு கிழமை தேடினோம். அவரும் ஒவ்வொரு நாளும் கடையிலிருந்து வந்து கதிரையில் இருந்து, தன் வாயை நாங்கள் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தந்த வேலையைத் தாண்டி ஒரு எட்டு வைப்பது எங்கள் டிஸ்பென்சரியில் குற்றமாக இருக்கவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன். அந்த எட்டு எங்கே போய் விழுகிறது என்பதுதான் கேள்வி.

துணி கட்டிய ஜன்னல்

ஹாஜரா தாத்தாவின் காக்கா, அதாவது அவருடைய மூத்த சகோதரர், முதல் தடவை வந்தபோது தங்கச்சிக்குப் பல் வலியென்று மருந்து மட்டும் கேட்டார். டொக்டர் விசாரித்துவிட்டுக் குளிசை கொடுத்தார். வீக்கம் வற்றியது. பத்துப் பதினைந்து நாளில் திரும்ப வந்தது. மறுபடி குளிசை, மறுபடி வற்றியது.

மூன்றாவது தடவை வீங்கியபோது டொக்டர் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்துவிட்டு வரும்படி சொன்னார். மூன்று விடயங்கள்: வாய் எவ்வளவு திறக்கிறது, விழுங்க முடிகிறதா, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருக்கிறதா. பெண்பிள்ளை என்றபடியால் நான் இத்தா வீட்டுக்குள் போகலாம்.

அந்த அறை சிறியது. ஜன்னலுக்கு வெள்ளைச் சீலை கட்டியிருந்தார்கள். பன்பாயில் ஹாஜரா தாத்தா சுவரில் சாய்ந்து இருந்தார். காற்றில் சாம்பிராணியும் கிராம்பெண்ணெயும் கலந்த வாசம். கிராம்பெண்ணெய் பல்லுக்குப் போட்டது.

கை கழுவிவிட்டு அவர் வாயைத் திறக்கச் சொன்னேன். என் இரண்டு விரல் நுழையும் அளவு திறந்தது. இடப்பக்கம் கீழே கடைவாய்ப்பல், பாதி சூத்தையாகி வேர் மட்டும் மிஞ்சியிருந்தது. வெளியே தாடையெலும்பின் விளிம்பைத் தடவினேன். விளிம்பு கைக்குத் தட்டுப்படவில்லை. அதற்குக் கீழேயும் மெத்தென்று இருந்தது.

பயிற்சிக் காலத்தில் ஆஸ்பத்திரி வார்ட்டில் ஒரு மனிதரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கும் ஒரு கடைவாய்ப்பல்தான். வீக்கம் கழுத்துக்கு இறங்கி, நாக்கு மேலே தள்ளி, உட்கார்ந்தபடி மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை.

ஹாஜரா தாத்தாவிடம் நேரடியாகச் சொன்னேன். குளிசை சீழை அடக்குமே தவிரப் பல்லை எடுக்காது. பல் இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கழுத்துக்கு இறங்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவும் நேரம் கிடைக்காது.

அவர் உம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மார்க்கத்தில் தடையில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். காக்கா பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டிருந்தார். மருந்துக்குப் போகலாம் என்று அவர் சொல்லியிருந்தார். வீட்டுக்கே வருவதாகவும் டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். இத்தா வீட்டுக்குள் அந்நிய ஆண் வந்துபோனால் அதைவிடப் பெரிய கதை என்று உம்மா மறுத்துவிட்டார்.

உம்மாவின் பயம் மார்க்கத்தில் இல்லை, ஒரு பட்டப்பெயரில் இருந்தது. முந்தி அந்த ஒழுங்கையில் ஒரு பெண் இத்தாவுக்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தார். காய்ச்சலுக்குத்தான் போனார். ஊர் அவருக்கு 'ரோட்டளந்தவள்' என்று பெயர் வைத்தது. அவர் மௌத்தாகும்வரை அந்தப் பெயர் போகவில்லை. அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தவர்களும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வீடு விசாரித்தார்களாம்.

"எனக்கும் ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி, தங்கச்சி," என்றார் ஹாஜரா தாத்தா. வாயைத் திறக்க முடியாததால் பல்லுக்கு இடையால் பேசினார். "பல்ல நான் பொறுத்துக்குவன். புள்ளைகள் அந்தப் பேரச் சுமக்கப்படா."

"ரோட்டுல ஆக்களே இல்லாத நேரம் போனா?"

"அப்படி ஒரு நேரம் எங்க இரிக்கி?"

"வெள்ளிக்கிழம ஜும்ஆ நேரம்," என்றேன். "எல்லாரும் பள்ளியில நிப்பாங்க. ஒழுங்கையால வந்து பின்கதவால உள்ள வரலாம். தொழுக முடியக்குள்ள நீங்க திரும்ப வீட்ட இரிப்பீங்க."

இதை முன்கூட்டி யோசித்துக்கொண்டு போகவில்லை. வாயில் அப்படியே வந்தது. வந்த பிறகு எனக்கே அது மிகவும் நல்ல யோசனையாகப் பட்டது.

உம்மாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். உம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"ஓம், மகள்," என்றார். "அந்த நேரம் ஊருல ஒரு ஆம்புளயும் இரிக்கமாட்டான்."

டொக்டர் எங்க இரிப்பார்?

டிஸ்பென்சரிக்கு நான் கிட்டத்தட்ட ஓடியே வந்தேன். புஷ்பம் அக்கா குறடுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் முழுவதையும் ஒழுங்காகச் சொன்னேன். எந்த ஒழுங்கை, எந்தக் கதவு, யார் முன்னால் வருவது, கதிரையை எந்தப் பக்கம் திருப்பி வைப்பது, எந்தத் துணியால் மறைப்பது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் ஒரு குறட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு, தங்கச்சி. டொக்டர் அந்த நேரம் எங்க இருப்பார்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை நண்பகல் என்றால் எங்களுக்கு அது ஆண்கள் இல்லாத நேரம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். உம்மாமார் முற்றத்துக் கிணற்றடியில் தலையில் துணியில்லாமல் இருந்து கதைக்கும் நேரம் அது. அந்த நேரத்தை நினைக்கும்போது ஆண்கள் யாரும் நினைவில் வருவதில்லை. நானும் நினைக்கவில்லை, ஹாஜரா தாத்தாவும் நினைக்கவில்லை, வயதுபோன உம்மாவும் நினைக்கவில்லை. மூன்று பெண்கள் சேர்ந்து கல்முனையில் ஒரு ஆணும் இல்லாத நேரத்தைக் கண்டுபிடித்து, அந்த நேரத்துக்கு ஓர் ஆணிடம் பல் கழற்ற வருவதாகப் பேசி முடித்திருந்தோம்.

புஷ்பம் அக்கா சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது.

டொக்டர் வந்ததும் நான் போய்ச் சொன்னேன். முதலில் அவர் கேட்ட மூன்று விடயங்களுக்கும் பதில். பிறகு நான் கொடுத்த நேரம்.

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். விரல்களுக்கு இடையில் சவர்க்காரத்தை நிதானமாகத் தேய்த்தார்.

"ஜும்ஆ நேரம் நான் எங்க நிப்பன் எண்டு நினைச்சீங்க, பரீதா?"

"நினைக்கல்ல, டொக்டர்."

எங்கள் வீதியின் முடிவில்தான் பெரிய பள்ளிவாசல். இரண்டாவது வரிசையில், ஜன்னலோரம், டொக்டரின் இடம் எது என்று ஊருக்கே தெரியும். கொழும்பில் படித்தவர் என்பதால் அவர் தொழுகையை ஊர் ஒரு கண் கூடுதலாகவே பார்த்தது.

நான் திரும்பப் போய் நேரத்தை மாற்றிக்கொண்டு வருவதாகச் சொன்னேன்.

"மாத்தினா அவ வருவாவா?"

வரமாட்டார். அது அவருக்கும் தெரிந்துதான் கேட்டார். துவாயை எடுத்துக் கை துடைத்தார்.

"விளிம்பு கைக்குத் தட்டுப்படல்ல எண்டுதானே சொன்னீங்க?"

"ஓம், டொக்டர்."

"ஜும்ஆவுக்குப் பதிலா ளுஹர் தொழுக இரிக்கி. அந்தத் தாடைக்குப் பதிலா வேற தாடை இல்ல." துவாயை ஆணியில் மாட்டினார். "வரச்சொல்லுங்க. ஆராவது என்னக் கேட்டா நான் பார்த்துக்கொள்ளுறன். அவட பேர் மட்டும் இந்த வீட்ட விட்டு வெளிய போகப்படா."

நான் போகத் திரும்பினேன். அவர் பின்னாலிருந்து, இனி நேரத்தை நானே கொடுக்கலாம் என்றும், கொடுக்கும்போது டொக்டரும் ஒரு மனிதர் என்பதை ஞாபகத்தில் வைக்கும்படியும் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சுட்டது.

வெள்ளிவரை மீண்டும் ஒரு கட்டுக் குளிசையும் உப்புத் தண்ணீரும். வாய் மூன்று விரல் அளவுக்குத் திறந்தால்தான் குறடு போகும். நான் ஒவ்வொரு நாளும் போய் அளந்தேன்.

குத்பா நடக்கும்போது

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜரா தாத்தா கதிரையில் இருந்ததும், மருதமுனைத் துவாய் ஒன்றை முகத்தின் மேல் விரித்து, வாய் மட்டும் தெரிய மடித்துவிட்டேன். உம்மா மூலையில் கதிரை இருந்தும் தரையில் இருந்துகொண்டார். டொக்டர் பக்கத்து அறையில் தயாராக நின்றார். நான் கூப்பிட்ட பிறகே வந்தார்.

விறைப்பு ஊசி போட்டார். காத்திருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் குத்பாப் பிரசங்கம் தொடங்கியது. டொக்டர் கதிரைக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டார்.

உதடு தடித்துவிட்டதா என்று கேட்டேன். ஹாஜரா தாத்தா விரலை உயர்த்தினார்.

நாங்கள் கணக்குப் போட்டிருந்தது லேசான பல்லுக்கு. நல்ல பல் என்றால் குறடு பிடிக்க இடமிருக்கும். இது வேர் மட்டும். முதல் வேர் வந்தது. இரண்டாவது நுனியில் முறிந்தது. டொக்டர் நிமிர்ந்து முதுகை நீட்டினார். வெளியே குத்பாவின் முதல் பகுதி முடிந்து இமாம் அமர்ந்து எழும் அந்தச் சின்ன இடைவெளி. கடல் கேட்டது.

"விட்டுட்டுத் தைக்கலாமா, டொக்டர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"விட்டா நாலாந்தரமும் வீங்கும்."

அவர் மெல்லிய நெம்பியைக் கேட்டார். நான் கேட்பதற்கு முன்பே புஷ்பம் அக்கா அதைத் தட்டில் வைத்திருந்தார். நான் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தேன். ஹாஜரா தாத்தாவின் கை என் உடுப்பின் விளிம்பைப் பிடித்திருந்தது. இழுக்கவில்லை, பிடித்திருந்தது மட்டும்தான்.

இகாமத் சொன்னார்கள். தொழுகை தொடங்கியது. ஊரே வரிசையில் நிற்கும் நேரத்தில் டொக்டர் அரிசி அளவு வேர்த்துண்டு ஒன்றை வெளியில் எடுத்து, தட்டில் போட்டார். 'டிங்' என்றது. சீழ் வடிந்தது. நாற்றம் அறையை நிரப்பியது. எனக்கு அந்த நாற்றம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

பஞ்சைச் சுருட்டிக் குழியில் வைத்து, இறுக்கிக் கடிக்கச் சொன்னேன். அரைமணி நேரம் வாயைத் திறக்கக்கூடாது, துப்பக்கூடாது, கதைக்கக்கூடாது. அவர் தலையசைத்தார்.

ஒலிபெருக்கியில் தொழுகையை முடிக்கும் ஸலாம் கேட்டது. வலப்பக்கம் ஒருமுறை. இடப்பக்கம் ஒருமுறை.

வாசலில்

நான் பின்கதவுக்கு ஓடிப் பார்த்தேன். ஒழுங்கை முடக்கில் ஏற்கெனவே சைக்கிள்கள். தொழுகை முடிந்ததும் முதலில் வெளியே வருபவர்கள் வயற்காரர்கள். குறுக்குவழி என்று இந்த ஒழுங்கையால்தான் வருவார்கள். அதை நான் கணக்கில் எடுத்திருந்தேன். முறிந்த வேரைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

மீதியிருந்த வழிகளைச் சொன்னேன். பிளாஸ்டர் அறையில் பின்னேர அஸர்த் தொழுகைவரை இருக்கலாம். அஸருக்கு ஆண்கள் போகும் நேரம் போகலாம். ஆனால் அஸருக்கு ஊர் முழுவதும் போவதில்லை. மஃரிபுக்கு என்றால் இருட்டும். வீட்டில் பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தார்கள். உம்மா பிளாஸ்டர் அறையே நல்லது என்றார். ஹாஜரா தாத்தா எழுந்து செருப்பைப் போட்டு, வெள்ளைத் துணியைத் தலையால் இழுத்துவிட்டு, எங்கேயும் போகாமல் பின்கதவடியில் நின்றார்.

அந்த நேரம் முன்வாசலில் குரல் கேட்டது.

பள்ளிவாசல் மரைக்கார்களில் ஒருவர். பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்ப்பவர்களை மரைக்கார் என்போம். இவர் எங்களிடம்தான் பொய்ப்பல் கட்டியிருந்தார். நல்ல மனிதர், ஆனால் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். டொக்டர் முன்கதவைத் திறந்துகொண்டு வெளியே போய் நின்றார், அவர் உள்ளே வந்துவிடாதபடி.

"ஸலாம், டொக்டர். ஜும்ஆவுல காணல்லயே?"

"ஓம், மரைக்கார். ஒரு வேல."

"சுகமில்லாம இரிக்காக்கும் எண்டு நினைச்சிப் பார்க்க வந்தன். நல்லாத்தானே நிக்கிறீங்க."

டொக்டர் கதவைப் பின்னால் கொஞ்சம் சாத்தினார்.

வீதியில் போனவர்கள் நின்றார்கள். தொப்பிகளும் வெள்ளைச் சட்டைகளும் கதவு இடுக்கால் எனக்குத் தெரிந்தன. அத்தர் வாசம் உள்ளே வந்தது.

"ஜும்ஆவ விடுற அளவுக்கு அப்படி என்ன வேல, டொக்டர்? படிச்சவங்களே இப்படி எண்டா நாங்க புள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லுற?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் நின்றவர்களில் வேறு யாரும் சிரிக்கவில்லை. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை விளிம்பில் துடைத்தார். அவர் பதில் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இனி ஒவ்வொரு வெள்ளியும் இரண்டாவது வரிசையில் அவர் இடத்தைப் பார்த்து யாராவது இதைச் சொல்வார்கள், அவர் அப்போதும் சொல்லப்போவதில்லை.

என் பக்கத்தில் ஒரு துணி அசைந்தது. ஹாஜரா தாத்தா பின்கதவைவிட்டுத் திரும்பியிருந்தார். உம்மா அவர் கையைப் பிடித்தார். அவர் உம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினார், குழந்தையின் கையை விலக்குவதுபோல, நோகாமல். நோயாளர் அறையைக் கடந்து, ஆட்கள் காத்திருக்கும் வெறும் வாங்குகளைக் கடந்து, முன்வாசலுக்குப் போனார். நான் அவருக்குப் பின்னால் போனேன். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். அவர் ஒரு சொல்லும் சொல்வதற்குள் ஹாஜரா தாத்தா வாசற்படியில் நின்றுவிட்டார். கண்கூடத் தெரியாமல் வெள்ளைத் துணி. அந்த வெள்ளை இத்தாவுக்கு உடுப்பது என்று வீதியில் நின்ற எல்லோருக்கும் தெரியும்.

அவர் துணிக்கு வெளியே கையை எடுத்து, இடப்பக்கத் தாடையைத் தொட்டுக் காட்டினார். பிறகு அதே கையால் டொக்டரைக் காட்டினார்.

மரைக்கார் தலையைக் குனிந்து, வீதியின் மறுபக்கம் பார்த்தபடி இரண்டு எட்டுப் பின்னால் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி, வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வீதியின் நடுவில் மணல் வெறுமையானது.

புஷ்பம் அக்கா குடையை விரித்துக்கொண்டு முன்னால் போனார். இந்தமுறை எந்தக் கடப்படியையும் எட்டிப் பார்க்கவில்லை.

"அல்லாஹ் நோய்க்கு ஷிபாவத் தரட்டும், மகள்," என்றார் மரைக்கார், மதிலைப் பார்த்துக்கொண்டு.

ஹாஜரா தாத்தா பதில் சொல்லவில்லை. வாயில் பஞ்சு இருந்தது. அரைமணி நேரம் கதைக்கக்கூடாது என்று நான்தானே சொல்லியிருந்தேன்.